ஒரியானா கப்பலின் பதினான்கு பெட்டிகள்

நோர்லேண்ட், மினசோட்டா
ஏப்ரல் 14, 1997

அன்புள்ள லோரன்,

நான் சுகம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? அந்தச் சிறை டாக்டர் வாயைத் திறந்தாவது பார்த்தாரா, இல்லை இன்னும் ஆஸ்பிரினையே கையில் கொடுத்து அனுப்புகிறாரா?

ஆறு ஏறியதை டிவியில் காட்டியிருப்பார்கள். பயப்படாதே. தானியக் கிடங்கை மூடிவிட்டு எடைமேடையில் வேலை பார்க்கிற நாங்கள் எல்லோரும் மூன்று நாள் மணல் மூட்டை அடுக்கினோம். எனக்கு இந்த ஐம்பத்தேழு வயதில் முதுகு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் வாசல்படி வரை வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது. நிலவறையில் மட்டும் இடுப்பளவு நின்றது. மாவட்டச் சாலைத் துறையிலிருந்து ஆட்கள் பம்ப் கொண்டுவந்து இறைத்துக் கொடுத்தார்கள். துணி துவைக்கும் மெஷின் போயிற்று. அது போக வேண்டியதுதான், எட்டு வருடமாக டிராக்டர் மாதிரிச் சத்தம் போட்டது.

மேல்மாடி நன்றாக இருக்கிறது. உன் குளிர்கோட்டுகள், அப்பாவின் துப்பாக்கி, எல்லாம் பத்திரம். லூத்தரன் சபையில் தினமும் எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறார்கள். தினமும் அதே ஹாட்டிஷ், உருளைக்கிழங்கையும் கறியையும் ஒரே தட்டில் போட்டுச் சுட்டது. இனி ஒரு வருடத்துக்கு அதன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பல்லைப் பிடுங்கச் சொல்.

உன் அக்கா,
ஆர்டிஸ்


மாநிலச் சிறை
ஏப்ரல் 22, 1997

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் கடிதம் வந்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், முதுகு மட்டும்தான் வலிக்கிறது என்பதற்கு நன்றி. பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். தவறான பல்லை இல்லை என்று நம்புகிறேன்.

கோட்டு, துப்பாக்கி, மெஷின் எல்லாம் எழுதினாய். பெட்டிகளைப் பற்றி எழுதவில்லையே?

என் வீட்டை விற்றபோது பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு உன் நிலவறையில் வைத்தோமே, அவைதான். ‘ஒரியானா’ என்ற விண்வெளிக் கப்பல் டிவித் தொடரின் பொம்மைகள். நான் வாங்கிய பதினொன்று, நான் உள்ளே வந்த பிறகு, புதுப் பொம்மை விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ஜூலையும் எனக்காகக் கடை வாசலில் வரிசையில் நின்று நீ வாங்கிய மூன்று. காப்டன் காலி, மூன்று கண் சூல், திருமதி பெல், கெட்டில் ரோபோ, எல்லோரும் அந்த நிலவறையில்தானே இருந்தார்கள்?

ஐம்பதை நெருங்கும் ஒருவன் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் விண்வெளிப் பொம்மைகளைப் பற்றிக் கேட்கிறானே என்று சிரிக்காதே. பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு எண்ணெய் மாற்றியே வாழ்க்கை போன ஆள் நான். டிசம்பர் முதல் ஞாயிறு என் ஜன்னலில் அந்த மரத்துப் பொம்மைகளில் விளக்கு எரியும்போது ஊர்ப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பார்கள். ஊரில் என்னைப் பார்க்க யாராவது வந்தார்கள் என்றால் அந்த ஒரு நாள்தான்.

நேராகச் சொல். நனைந்ததா?

உன் தம்பி,
லோரன்


நோர்லேண்ட்
மே 19, 1997

அன்புள்ள லோரன்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சுவர்களில் பூஞ்சை பிடித்து, அதைச் சுரண்டி, பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு மாதம் போனதே தெரியவில்லை. முதுகு தேவலை. உனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, மாற்றினார்களா?

லைலக் பூத்துவிட்டது. வெள்ளம் வந்த வருடம் அதிகமாகப் பூக்கும் என்கிறார்கள். தோட்டத்தில் ரூபார்புக் கீரைத்தண்டும் தலைகாட்டிவிட்டது. கிடங்கில் புதிய மேனேஜர் வந்திருக்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. என்னை ‘மேடம்’ என்கிறார், எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

பொம்மைகள் பத்திரமாக இருக்கின்றன. ஓர் இடத்தில் காய்கின்றன. அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும்.

ஜூலையில் வழக்கம்போல வரிசையில் நிற்பேன்.

ஆர்டிஸ்


மாநிலச் சிறை
மே 28, 1997

அன்புள்ள ஆர்டிஸ்,

கண்ணாடி வந்துவிட்டது. புதுக் கண்ணாடியைப் போட்டு உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். “ஓர் இடத்தில் காய்கின்றன.” உன் வீட்டில் இடமில்லையா? வேறு யார் வீட்டில்? அப்பாவின் படகை ஏரியில் மூழ்கடித்துவிட்டு, “படகு பத்திரமாக இருக்கிறது, கொஞ்சம் கீழே இருக்கிறது” என்று அப்பாவிடம் சொன்னவள் நீ.

எல்லாம் போயிருந்தால் சொல்லிவிடு. நான் உடைந்துபோக மாட்டேன். பக்கத்து அறை பர்விஸுக்கு ஒரியானா தொடரின் எழுபத்தெட்டு பகுதிகளும் மனப்பாடம். அவரிடம் சொன்னதற்கு, “பொம்மை போனா போகுது, கப்பல் போகல, அது இங்க இருக்கு”ன்னு நெற்றியைத் தட்டிக் காட்டினார். நீ வாங்கிய மூன்று பொம்மைகளையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. நீ எழுதியதில்தான் பார்த்தேன். அதற்கே உனக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று தெரியுமா?

ஒரு நல்ல செய்தி. அக்டோபரில் ஒரு குழு என் கோப்பைப் பார்க்கிறது. ஒப்புக்கொண்டால் நவம்பரிலேயே வெளியே போய் வேலை செய்துகொண்டு விடுதியில் தங்கலாம். இல்லையென்றால் அடுத்த ஜூன். இதுவரை என் பேரில் ஒரு கரும்புள்ளி இல்லை.

லோரன்


நோர்லேண்ட்
ஜூலை 13, 1997

அன்புள்ள லோரன்,

நலம்தானே? நான் நலம்தான், ஆனால் மனசு நலமில்லை, அதனால் இது நீளமான கடிதம்.

முதலில் நேற்றைய வரிசை. மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கில் காபியுமாக ஆறு மணிக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். அந்தச் சிவப்புத் தொப்பிப் பெண்மணி இந்த வருடமும் பெட்டியின் நாலு மூலையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். “மூலை மடங்கியிருந்தா சேகரிப்புக்கு மதிப்பே இல்ல”ங்கிறாள். “நாங்க உள்ள இருக்கறதத்தான் தொங்கவிடறோம்மா” என்றேன். அவள் அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

இந்த வருடத்துப் பொம்மை காப்டன் காலியேதான், ஆனால் கதவருகில் நிற்கிறார். கட்டைவிரல் நகம் அளவு முகம். அதில்கூட அந்தக் கோணல் புருவத்தை வரைந்திருக்கிறார்கள். அடியில் ஒரு பொத்தான். அழுத்தினால், “கதவைச் சாத்து, காத்து போகுது!” என்று கத்துகிறார். காரில் வரும் வழியெல்லாம் அழுத்திக்கொண்டே வந்தேன். நம் அப்பா குரல்தான்.

இனி அந்தப் பதினான்கு. நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன்.

பம்ப் கொண்டுவந்தவர்களில் ஒருவர் வெண்டெல் பாக்கன். இந்தப் பேரை நாம் இருவரும் எழுதியே மூன்று வருடம் ஆகிறது. தொண்ணூற்று மூன்று டிசம்பரில் பனி தள்ளும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பலகையில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தவர். நீ குடித்துவிட்டு ஓட்டி வந்து இடித்த ஆள். இடுப்பெலும்பில் இப்போதும் மூன்று இரும்பு ஆணி இருக்கிறது. ஒரு வருடம் படுக்கை, பிறகு கைத்தடி. டாக்டர் இரண்டு வருடம் முன்பே வண்டி ஓட்டலாம் என்று சொல்லியும் அவர் பனி வண்டியில் ஏறவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தெரு பிரித்துக் கொடுக்கிறார்.

படியில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் உன் அட்டைப்பெட்டியை மேலே தூக்கி வந்தார்கள். அடி பிய்ந்து தொங்கியது. மேலே உன் கையெழுத்து, கொட்டை எழுத்தில்: “லோரனுடைய ஒரியானா. தொடாதே!”

அவர் அதைப் படித்தார். “இது அவனோடதா?”

“ஆமா” என்றேன். வேறென்ன சொல்வேன்?

“அந்த ஜன்னல் மரத்துப் பொம்மைங்களா?”

“ஆமா வெண்டெல். அப்படியே குப்பையில போட்டுடறேன், நீங்க கவலைப்படாதீங்க.”

“உங்ககிட்ட நான் அதக் கேக்கலையே ஆர்டிஸ். ஈரத்தோட விட்டா உள்ள கம்பியெல்லாம் துருப்பிடிச்சுடும். என் கராஜ்ல ஹீட்டர் இருக்கு.” பையன்களிடம் திரும்பி, “என் வண்டியில ஏத்துங்கடா. பாத்து!” என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கராஜில் மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, பதினான்கும் வரிசையாக. சேற்றைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்திருக்கிறார். நசுங்கிய பெட்டிகளைத் தட்டையாக்கி, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு பொம்மையின் வயரையும் சீரியல் லைட்டில் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். எரிந்ததை மறுபடி செருகிப் பார்க்கிறார். அவர் மனைவி லவோன் கதவில் சாய்ந்துகொண்டு, “அஞ்சு வாரமா இதுங்களோடத்தான் இவருக்குக் குடித்தனம். நேத்து எரிஞ்சதுதான், இன்னிக்கும் எரியுதான்னு பாக்கறாரு” என்றாள்.

“இந்த நீலத்துக்குப் பேரு என்ன?” என்று வெண்டெல் கேட்டார்.

“சூல். கப்பலுக்கு வழி காட்டறவன்.”

“மூணு கண்ணு வேற. இது மட்டும் எரியல. பல்பு மாத்தினேன்.”

சூலை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நெற்றிக் கண் பச்சையாக எரிந்தது. நான் அழுதுவிட்டேன். ஏன் இதைச் செய்தீர்கள் என்று கேட்க முடியவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அதனால்தான் மூன்று மாதமாக லைலக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா,
ஆர்டிஸ்


மாநிலச் சிறை
ஜூலை 24, 1997

ஆர்டிஸ்,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அவற்றை அங்கிருந்து எடுத்து வந்துவிடு. அவர் இதைச் செய்திருக்கக் கூடாது. அவருக்கு நான் எழுதக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு இருப்பது உனக்குத் தெரியும். நன்றி என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

லோரன்


நோர்லேண்ட்
ஆகஸ்ட் 25, 1997

அன்புள்ள லோரன்,

ஒரு மாதமாகிறது. மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? சிறைக்கு ஃபோன் செய்தேன். ஆள் நன்றாக இருக்கிறார், வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார் என்றார்கள். அப்படியென்றால் கோபம். கோபம் என்றால் திட்டி எழுது, அது போதும்.

பொம்மைகளை எடுத்துவரப் போனேன். வெண்டெல் காபி கொடுத்து உட்கார வைத்தார். “அவன பாக்கணும்” என்றார்.

“எதுக்கு?” என்றேன்.

“ஒண்ணு கேக்கணும். ஒரே ஒண்ணு.”

பாதிக்கப்பட்டவர் கேட்டால் சந்திப்புக்கு ஏற்பாடு செய்ய மாநிலத்தில் ஓர் அம்மாள் இருக்கிறாராம், திருமதி ஓக்லி. மனு போட்டுவிட்டார். நீ சம்மதித்தால்தான் நடக்கும். வாசல் வரை என்னோடு வந்த லவோன் சொன்னாள்: “அக்கா, உங்க தம்பிய வரச் சொல்லுங்க. இந்த மனுஷன் இன்னும் எத்தன நாள் லைட்டப் போட்டுப் போட்டுப் பாப்பாரு?” அவள் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது.

போ, லோரன். அவர் என்ன கேட்டாலும் பரவாயில்லை.

உன் அக்கா,
ஆர்டிஸ்


மாநிலச் சிறை
செப்டம்பர் 9, 1997

அன்புள்ள ஆர்டிஸ்,

உன்மேல் கோபமில்லை. உன் கடிதங்கள் எல்லாம் தலையணைக்கடியில் இருக்கின்றன. எழுத உட்கார்ந்தால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும், அதனால் எழுதவில்லை.

அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். லவோன் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது.

பனி வண்டியின் மேல் மஞ்சள் விளக்கு சுழலவில்லை என்று போலீசில் சொன்னேன். கோர்ட்டிலும் சொன்னேன். நான் இடித்ததில் விளக்கு தூள் தூளாகிவிட்டதால் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. வெண்டெலுக்கு அந்த நாளே நினைவிலிருந்து அழிந்துவிட்டது. விளக்கைப் போட்டாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. என் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். தண்டனையில் இரண்டு வருடம் குறைந்தது. அவருடைய கோப்பில், ‘விளக்கை எரியவிடாமல் நிறுத்தியிருக்கலாம்’ என்று எழுதினார்கள்.

விளக்கு எரிந்தது, ஆர்டிஸ். சாயங்காலம் நாலரை மணி, இருட்டிக்கொண்டு வந்தது. அரை மைல் தூரத்திலிருந்தே பார்த்தேன். வேகத்தைக் குறைக்காமல் சுற்றிப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்க்காகத்தான் நீ ஊரில் எல்லோரிடமும் சண்டை போட்டாய். அந்த மனிதர் என் பொம்மைகளின் விளக்கு எரிகிறதா என்று ஐந்து வாரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

திருமதி ஓக்லிக்குச் சம்மதம் என்று எழுதிவிட்டேன். இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை. இதைச் சொன்னால் நவம்பர் போய்விடும்.

லோரன்


நோர்லேண்ட்
செப்டம்பர் 13, 1997

லோரன்,

உன் சுகத்தை இன்று விசாரிக்க மாட்டேன்.

மளிகைக் கடையில் வைத்து லவோனிடம் சொன்னவள் நான். “உன் புருஷன் லைட்டப் போட்டிருந்தா இதெல்லாம் நடந்திருக்காது”ன்னு, பத்துப் பேர் முன்னால். அவள் பால் டப்பாவை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அப்படிச் சொன்ன என் வீட்டு நிலவறையைத்தான் அவர் இறைத்துக் கொடுத்தார். அப்படிச் சொன்ன என்னைத்தான் அவள் அக்கா என்று கூப்பிடுகிறாள்.

என்ன முடிவு செய்ய இருக்கிறது இதில்? சொல்லிவிடு. நவம்பராம் நவம்பர்! ஜூன் வந்தால் ஜூன். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

இந்தக் கடிதம் பெட்டியில் விழுந்ததும் லவோன் வீட்டுக்குத்தான் போகிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், அது உன் வாயால் வர வேண்டும். நான் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆர்டிஸ்

நாலு வருடம் இதைத் தனியாகச் சுமந்தாயா, மடையா?


மாநிலச் சிறை
அக்டோபர் 21, 1997

அன்புள்ள ஆர்டிஸ்,

நீ நலமா? லவோன் கதவைத் திறந்தாளா? எழுது.

வெள்ளிக்கிழமை வந்தார். பார்வையாளர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ. திருமதி ஓக்லி நடுவில். வெண்டெல் கைத்தடியை மேஜையில் சாய்த்தார், அது வழுக்கி விழுந்தது. நான் எடுக்கக் குனிந்தேன். “விடு, நானே எடுக்கறேன்” என்றார். எடுக்க வெகு நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருந்தது.

உட்கார்ந்ததும் கேட்டார். “என் லைட்டு எரிஞ்சுதா?”

தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. “எரிஞ்சுது” என்றேன். “தூரத்துலேர்ந்தே பாத்தேன். சுத்திப் போயிடலாம்னு நெனச்சேன். கோர்ட்ல பொய் சொன்னேன்.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “இன்னொரு தடவ சொல்லு.”

“உங்க லைட்டு எரிஞ்சுது.”

“சுத்திச்சா? நின்னு எரிஞ்சுதா?”

“சுத்திச்சு. மஞ்சளா. பக்கத்துப் பனியெல்லாம் மஞ்சளாச்சு.”

அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. “நாலு வருஷமா லவோன்கிட்டக் கேட்டுட்டு இருக்கேன், சுவிட்ச போட்டிருப்பேனா, சுவிட்ச போட்டிருப்பேனான்னு. அவளும் போட்டிருப்பீங்க, போட்டிருப்பீங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டா. அவ அங்க இல்லையே. நான் இருந்தேன், எனக்கு ஞாபகம் இல்ல. நீ ஒருத்தன்தான் பாத்தவன்.” கொஞ்சம் நிறுத்தினார். “இருபத்தாறு வருஷ சர்வீஸ். லைட்டப் போடாம ஒரு நாள் இறங்கினதில்ல. ஆனா அன்னிக்கு ஒரு நாள் மறந்திருந்தா? அப்போ இந்தக் காலு என் தப்புதான? உன்ன ஜெயிலுக்கு அனுப்பினதும் என் தப்புதான? அப்படித்தான் ஓடிட்டு இருந்துச்சு.”

எனக்காகவும் வருத்தப்பட்டிருக்கிறார், ஆர்டிஸ். என் பொய்யை நம்பி.

பிறகு கோபம் வந்தது. மேஜையில் குத்தினார். “உன்ன நாலு சாத்து சாத்தணும் போல இருக்கு.”

“சாத்துங்க” என்றேன்.

“இந்த அம்மா விட மாட்டாங்க.”

திருமதி ஓக்லி, “விட மாட்டேன்” என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை, ஆனால் அறையில் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது.

பொம்மைகளுக்காக நன்றி சொன்னேன். இப்போது சொல்லலாம், அனுமதி உண்டு. அவர் தலையை ஆட்டினார். “நனைஞ்சு கெடந்துச்சு, எடுத்தேன். அவ்வளவுதான். ஒன்பது குளிர்காலம் விடிகாலையில உன் தெருவத் தள்ளும்போது அந்த ஜன்னலத்தான் பாத்துட்டுப் போவேன். பேரெல்லாம் தெரியாது. ஆனா பழக்கம்.”

எழுந்து போகும்போது கையை நீட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கதவருகில் நின்று, “எழுதிக் குடுப்பியா?” என்று மட்டும் கேட்டார். அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் நீதிபதிக்கு, ஒரு நகல் சாலைத் துறைக்கு, ஒன்று குழுவுக்கு.

நேற்று குழுவின் முடிவு வந்தது. நவம்பர் கிடையாது. ஜூன்தான். பொய் சாட்சிக்கு மறுபடி வழக்குப் போடலாமா என்று அரசு வக்கீல் யோசிக்கிறாராம். போட்டால் போடட்டும். பர்விஸ் என்னை முட்டாள் என்றார், பிறகு தன் பங்கு பன்னை என் தட்டில் வைத்தார். நான் இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். இப்படித் தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை.

நீ வைது எழுதிய கடிதத்துக்கு நன்றி. அது இல்லாவிட்டால் அந்த அறையில் நான் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

உன் தம்பி,
லோரன்


நோர்லேண்ட்
டிசம்பர் 8, 1997

அன்புள்ள லோரன்,

உன் இருமல் விட்டதா? இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நான் கம்பளிக்குள் ஆமை மாதிரி இருக்கிறேன், மற்றபடி சுகம்.

லவோன் கதவைத் திறந்தாள். நான் மன்னிப்பு என்று ஆரம்பிப்பதற்குள், “மளிகைக் கடையிலயா? அன்னிக்கு உங்க டயர் காத்தப் பிடுங்கி விட்டது நான்தான், கணக்கு சரியாப் போச்சு” என்றாள். நான்கு வருடமாக அது ஆணி குத்தியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வியாழக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து லெஃப்சே என்கிற உருளைக்கிழங்கு ரொட்டி சுடுகிறோம். அவள் மாவைக் கண்ணாடி மாதிரி தேய்க்கிறாள், என்னுடையது மினசோட்டா வரைபடம் போல வருகிறது.

அரசு வக்கீல் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக உனக்கும் கடிதம் வந்திருக்கும். நான் சமையலறையில் உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். அதற்காக வக்கீலுக்கு ஏதாவது எழுதிப் போட்டீர்களா என்று வெண்டெலிடம் கேட்டேன். “என்ன எழுதினா என்ன” என்று பேச்சை மாற்றிவிட்டார். சாலைத் துறையில் அவர் கோப்பிலிருந்த குறிப்பை நீக்கி, மன்னிப்புக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். லவோன் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாளாம். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

பொம்மைகளை இந்த வருடம் என் ஜன்னலில் மாட்டினேன். எனக்கு உன்னளவு நேர்த்தி வராது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவர்களுக்கு ஒரியானா என்றால் என்னவென்றே தெரியவில்லை, “இது எந்த கார்ட்டூன் பாட்டி?” என்று கேட்கிறார்கள். நீ வந்து சொல்லிக் கொடு.

இப்போது இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் வேலைக்குக்கூட லேட்டாகப் போனேன்.

நேற்றிலிருந்து பதினாலு அங்குலம் பனி. ஏழு மணிக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் பனி வண்டிச் சத்தம். நம் வீட்டு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஹார்ன், ஹார்ன், விடாமல் ஹார்ன். எந்தப் பொடியன் இப்படி அலறுகிறான் என்று கதவைத் திறந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டியது வெண்டெல். வண்டியில் வேறு யாரும் இல்லை. அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“ஆர்டிஸ்! பனி பெஞ்சா காரத் தெருவுல விடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? படிக்கத் தெரியாதா? போர்டு வச்சிருக்கு!”

“இதோ, இதோ!” என்று செருப்போடு ஓடினேன்.

“பூட்ஸ் போட்டுட்டு வாங்க! விழுந்து வச்சா அதுக்கும் நான்தான் வரணும்!”

கார் உடனே கிளம்பவில்லை. அவர் மேலேயிருந்து, “ஆக்ஸிலேட்டர மிதிச்சே கொல்லாதீங்க” என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வாசல் பாதையில் ஏற்றினேன். பலகையை இறக்கினார். நம் தெரு முழுவதையும் ஒரே இழுப்பில், ஓரம் வரை, சுத்தமாகத் தள்ளிக்கொண்டு போனார். எல்லோருடைய வாசலிலும் பனியைக் குவித்துவிட்டுப் போகிற சின்னப் பையன்கள் மாதிரி இல்லை. முனையில் திரும்பும்போது கையைத் தூக்கினார்.

செருப்புக்குள் பனி போய்க் கால் விறைத்துவிட்டது. அப்படியே நின்றுகொண்டிருந்தேன் லோரன். ஊரில் இத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், எந்தத் திட்டும் இவ்வளவு இனித்ததில்லை.

ஜூன் வரை உடம்பைப் பார்த்துக்கொள். நீ வந்ததும் உன் காரையும் தெருவில் விடாதே.

உன் அக்கா,
ஆர்டிஸ்